முழுமையான நீதியும் அதன் எல்லையும்: பிரிவு 142 குறித்த ஓர் ஆய்வு

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவு, தன் முன் நிலுவையிலுள்ள எந்த வழக்கிலும் ‘முழுமையான நீதி’ வழங்கத் தேவையான ஆணையைப் பிறப்பிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்த ஆணை நாடு முழுவதும் செல்லுபடியாகும். உயர் நீதிமன்றங்களுக்கு இப்படியொரு அதிகாரம் எழுத்தில் தரப்படவில்லை. வரைவில் 118-ஆவது பிரிவாக இருந்த இது, 1949 மே மாதம் அரசமைப்பு நிர்ணய சபையில் பெரிய விவாதம் இல்லாமலே நிறைவேறியது. அதன்பின் வந்த பல பத்தாண்டுகளில் போபால் நச்சுவாயு இழப்பீடு, அயோத்தி நில வழக்கு, பேரறிவாளன் விடுதலை, சண்டிகர் மேயர் தேர்தல் என்று ஒன்றோடொன்று தொடர்பற்ற விவகாரங்களை முடித்துவைக்க உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின் துணையை நாடியிருக்கிறது.

ஒரு சட்டம் செல்லுமா செல்லாதா என்று சொல்வது அரசமைப்பு நீதிமன்றத்தின் வழக்கமான பணி. சட்டம் இல்லாத இடத்தில் ஆணையிடுவதும், சட்டம் ஒன்றைச் சொல்லும்போது வேறொன்றைச் செய்யச் சொல்வதும் அதிலிருந்து வேறுபட்டவை. நீதித்துறையின் செயல்முனைப்பு எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி கூர்மையாக எழுவது இந்த இடத்தில்தான். அந்த எல்லையை உச்ச நீதிமன்றமே வகுத்தும், மீறியும், திருத்தியும் வந்திருக்கும் தீர்ப்புகளின் வழியாக அதைக் கண்டறிய இக்கட்டுரை முயல்கிறது.

இரு தரப்பு வாதங்கள்

செயல்முனைப்பை ஆதரிப்பவர்கள் நெருக்கடி நிலையிலிருந்து தொடங்குவார்கள். 1976 ஏப்ரலில், காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு போடவும் உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார். அந்தத் தீர்ப்பால் இழந்த மதிப்பை மீட்கும் முயற்சியாகவே பொதுநல வழக்குகளின் எழுச்சியை உபேந்திர பக்ஷி போன்ற சட்ட அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். 1979-இல் ஹுஸ்னாரா காத்தூன் வழக்கில், பீகார் சிறைகளில் விசாரணையே நடக்காமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்குக் கதவு திறந்தது. எந்தச் சட்டமன்றமும் அவர்களைப் பற்றிப் பேசியிருக்கவில்லை. அவர்களுக்காகப் பேசுவதில் எந்தக் கட்சிக்கும் வாக்கு லாபமும் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களில் தேர்தலைச் சந்திக்காதவர்கள் ஆட்சி செய்யக் கூடாது என்பது அதிகம் சொல்லப்படுவது. ஆனால் அது வலுக் குறைந்த வாதம். அரசமைப்பு நீதிமன்றம் என்ற ஏற்பாடே பெரும்பான்மையின் கைக்கு எட்டாத ஓர் இடம் வேண்டும் என்பதற்காக உருவானது. லோன் ஃபுல்லர் முன்வைத்த வாதம் இதைவிட ஆழமானது. ஒரு முனையைத் தொட்டால் பல முனைகள் அசையும் சிக்கல்களைத் தீர்க்க நீதிமன்ற நடைமுறை ஏற்றதல்ல என்றார் அவர். வழக்கில் இரு தரப்பார் இருக்கிறார்கள். ஆவணமும் வாதமும் அவர்களிடமிருந்தே வருகின்றன. தீர்ப்பு தொடப்போகும் மூன்றாமவரின் குரல் அங்கே ஒலிப்பதில்லை. 2007-இல் ஆரவல்லி கோல்ஃப் கிளப் வழக்கில் நீதிபதிகள் ஏ.கே. மாத்தூர், மார்க்கண்டேய கட்ஜு அமர்வு, நீதிமன்றங்கள் நிர்வாகத்தின் வேலையைக் கையில் எடுக்கக் கூடாது என்று கடுமையாகவே எழுதியது.

இரு தரப்பாரும் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். நீதிமன்றம் எவ்வளவு தூரம் போனது என்று கேட்டு, ஒரு தரப்பு அதைத் துணிவு என்கிறது. மறுதரப்பு அத்துமீறல் என்கிறது. தூரத்தை வைத்து எல்லையை அளக்க முடியாது. உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பரில், அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வீச்சில் இதைவிடப் பெரிய ஆணைகள் குறைவு. ஆயினும் அது நிலைத்தது. மத்திய, மாநில அரசுகள் வழக்கில் தரப்பினராக இருந்தன. அரசே அறிவித்து நடத்திவந்த திட்டங்களைத்தான் நீதிமன்றம் உரிமையாக மாற்றியது. தமிழ்நாட்டில் 1982 முதல் சத்துணவுத் திட்டம் விரிவாக நடந்துவந்ததால் இது நடக்கக் கூடியது என்பதற்குச் சான்றும் கண்முன் இருந்தது. எனவே வேறு இரண்டு கேள்விகள் பயன்படும். ஆணையால் கட்டுப்படுகிறவர் நீதிமன்றத்தின் முன் இருந்தாரா? சட்டமன்றம் பின்னர் வந்து மாற்றியமைக்க அந்த ஆணை இடம் விட்டதா?

விசாகா வழக்கு இந்தக் கேள்விகளுக்கு ஒரு சோதனை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 1997 ஆகஸ்டில் வந்த அந்த நெறிமுறைகள், நாட்டின் எல்லா வேலையளிப்போரையும் கட்டுப்படுத்தின. அவர்கள் எல்லோரும் கேட்கப்படவில்லை. ஆனால் யாரிடமிருந்தும் ஏற்கெனவே உள்ள உரிமை பறிக்கப்படவில்லை. சட்டம் வரும்வரை மட்டுமே அவை செல்லும் என்று தீர்ப்பே சொன்னது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 2013 வரை பதினாறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்தத் தாமதத்துக்கு நீதிமன்றத்தைப் பொறுப்பாக்க முடியாது.

தீர்ப்புகள் வரைந்த கோடு

பிரிவு 142-இன் எல்லையை முதலில் வகுத்தது 1962-இல் வந்த பிரேம் சந்த் கார்க் தீர்ப்பு. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மனுதாரர், 2,500 ரூபாய் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று நீதிமன்ற விதி ஒன்றின்படி கூறப்பட்டது. அந்தத் தொகையைக் கட்ட முடியாதவருக்கு உரிமை கேட்கும் வாசலே அடைபடும். நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அந்த விதியை இத்தகைய மனுக்களைப் பொறுத்தவரை ரத்து செய்தது. முழுமையான நீதிக்கான ஆணை அடிப்படை உரிமைகளுக்கு இசைந்திருக்க வேண்டும். நடப்பிலுள்ள சட்டங்களின் சாரமான விதிகளுக்கும் முரணாகக் கூடாது என்றது. உச்ச நீதிமன்றம் தன் சொந்த விதியையே வெட்டி இந்தக் கோட்டைக் கிழித்தது என்பது கவனிக்கத்தக்கது.

அந்துலே வழக்கில் கோடு மறுபடியும் சோதிக்கப்பட்டது. மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் மீதான ஊழல் வழக்கைச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்ற 1984-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டப்படி அத்தகைய வழக்கைச் சிறப்பு நீதிபதியே விசாரிக்க வேண்டும். இடமாற்றத்தால் குற்றம்சாட்டப்பட்டவர் ஒரு மேல்முறையீட்டு வாய்ப்பை இழந்தார். 1988-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாக அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது.

1991-இன் யூனியன் கார்பைடு தீர்ப்பில் காற்று எதிர்த்திசையில் வீசியது. 1989-இல் 47 கோடி டாலருக்கு முடிக்கப்பட்ட போபால் சமரசத்தை ஆராய்ந்த அமர்வு, சாதாரணச் சட்டங்களிலுள்ள தடைகள் தாமாகவே பிரிவு 142-க்குத் தடையாகிவிடாது என்றது. அதே அமர்வு, சமரசத்தில் குற்ற வழக்குகளை ரத்து செய்திருந்த பகுதியை நீக்கி அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. இந்தத் தளர்வின் விளைவு நான்கே ஆண்டுகளில் தெரிந்தது. 1995-இல் அவமதிப்புக் குற்றத்துக்காக மூத்த வழக்கறிஞர் வினய் சந்திர மிஸ்ராவின் தொழில் உரிமத்தையே உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. வழக்கறிஞரின் தொழில்முறைத் தவறை விசாரிக்க வழக்கறிஞர் சட்டம் பார் கவுன்சில்களுக்கென்று தனி நடைமுறை வகுத்திருந்தும் இது நடந்தது. 1998-இல் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் தவறென்றது: பிரிவு 142 சட்டத்துக்குத் துணை நிற்கலாம்; சட்டத்தை அகற்றி அந்த இடத்தில் தானே உட்கார முடியாது.

இன்றும் நடைமுறையில் மேற்கோளாகும் வரையறை இதுதான். எனினும் இதை வைத்து எல்லா வழக்குகளையும் தீர்த்துவிட முடியவில்லை. 2023-இல் ஷில்பா சைலேஷ் வழக்கில், மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தை இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்தின் பேரில் பிரிவு 142-இன் கீழ் கலைக்கலாம் என்று ஐந்து நீதிபதிகள் ஏற்றனர். எழுத்தளவில் இது சட்டத்தைத் தாண்டுவதுதான். ஆனால் கணவனும் மனைவியும் நீதிமன்றத்தின் முன் நிற்கிறார்கள். ஆணை அவர்களோடு முடிகிறது. சட்டம் மற்றவர்களுக்கு அப்படியே இருக்கிறது.

நெடுஞ்சாலை மதுக்கடைகள்

எல்லை மீறப்பட்டால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பிய ஒரு வழக்கே தெளிவான சான்று. தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் வெளிவிளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைக்கு உரிமம் கூடாது. இருக்கும் உரிமங்கள் 2017 ஏப்ரல் 1-க்கு மேல் நீடிக்காது என்பது அதன் சாரம். நோக்கத்தில் குறை காண முடியாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் நேரும் சாவுகளும், நெடுஞ்சாலையோரம் உரிமம் தராதீர்கள் என்று மத்திய அரசு ஆண்டுக்கணக்காக மாநிலங்களுக்கு எழுதிய கடிதங்களும் நீதிமன்றத்தின் முன் இருந்தன. அரசின் கொள்கையைத்தான் நடைமுறைப்படுத்துகிறோம் என்று நீதிமன்றம் சொன்னதற்கு அந்த அளவுக்கு அடிப்படை உண்டு.

ஆனால் 500 மீட்டர் என்ற தூரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. மது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். மாநிலங்கள் தத்தம் விதிகளில் வெவ்வேறு தூரங்களை வைத்திருந்தன. உரிமம் பெற்ற கடைக்காரர்களும் விடுதிகளும் பெரும்பாலும் வழக்கில் தரப்பினராக இல்லை. 2017 மார்ச் 31 அன்று, கெடு முடிவதற்கு முந்தைய நாள், 20,000 அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிப் பகுதிகளுக்குத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. மலை மாநிலங்களான சிக்கிமுக்கும் மேகாலயத்துக்கும் விலக்கு கிடைத்தது. சிறிய ஊரில் 500 மீட்டர் தள்ளிப் போனால் ஊரே முடிந்துவிடும் என்பது சட்டமன்றக் குழு ஒன்றில் முதல் நாளே ஓர் உறுப்பினர் எழுந்து சொல்லியிருக்கக் கூடிய செய்தி.

டிசம்பர் தீர்ப்புக்குப் பின் நடந்தவை ஆணையின் நோக்கத்தையே கரைத்தன. சண்டிகர் நிர்வாகம் நகருக்குள் செல்லும் நெடுஞ்சாலைகளை மாவட்டச் சாலைகளாகப் பெயர் மாற்றியது. பஞ்சாப் தன் ஆயத்தீர்வைச் சட்டத்தைத் திருத்தியது. கேரளத்தின் வடக்கு பரவூரில் ஒரு மதுக்கூடம், நெடுஞ்சாலையிலிருந்து தன் வாசலுக்கு வரும் வழியில் சுவர்களை எழுப்பிச் சுற்றிச் சுற்றி நடக்கும் பாதை அமைத்தது. சாலைக்கும் கூடத்துக்கும் இடைவெளி மாறவில்லை, நடக்கும் தூரம் மட்டும் கூடியது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைகள் நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் வரத் தொடங்கின. பள்ளிக்குப் போகும் வழியிலும் குடியிருப்புத் தெருக்களிலும் புதிய கடைக்கு இடம் பார்க்கப்பட்டபோது பெண்கள் திரண்டு முற்றுகையிட்டார்கள். 2017 கோடையில் மாநிலமெங்கும் இந்தப் போராட்டங்கள் நடந்தன. அந்தத் தெருக்களில் வாழ்கிறவர்களை உச்ச நீதிமன்றம் கேட்டிருக்கவில்லை. கேட்க வழியும் இருக்கவில்லை. ஃபுல்லர் சொன்ன மூன்றாமவர் அவர்கள்தாம்.

2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் உள்ள கடைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றம் விளக்கம் தந்தது. ஏழே மாதங்களில் ஆணையின் பெரும்பகுதி நீதிமன்றத்தின் கையாலேயே தளர்ந்தது. ஒரு சட்டம் இப்படித் திருத்தப்பட்டிருந்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் விவாதமும் வாக்கெடுப்பும் இருந்திருக்கும்.

ஆறு மாதத் தடையாணை

மதுக்கடை ஆணையில் நீதிமன்றம் நிர்வாகத்தின் இடத்தில் நின்றது. 2018-இல் ஏசியன் ரீசர்ஃபேசிங் வழக்கில் அது விதியியற்றும் இடத்தில் நின்றது. சிவில், குற்ற வழக்குகளின் விசாரணைக்கு உயர் நீதிமன்றங்கள் தரும் இடைக்காலத் தடை, காரணம் சொல்லி நீட்டிக்கப்படாவிட்டால் ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகும் என்று அத்தீர்ப்பு கூறியது. தேங்கிக் கிடக்கும் வழக்குகளை நகர்த்தவே இது வந்தது. விளைவோ, தன் மேல் தவறே இல்லாத மனுதாரர், உயர் நீதிமன்றத்தில் வழக்கு பட்டியலுக்கு வராத ஒரே காரணத்தால் தடையை இழப்பது.

2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை ரத்து செய்தது. அதில் பிரிவு 142 குறித்து நீதிபதி அபய் ஓகா எழுதிய பகுதி முக்கியமானது. தம் முன் இல்லாத, கேட்கப்படாத பெருந்திரளான வழக்காடிகள் முறைப்படி பெற்ற ஆணையின் பயனை இந்தப் பிரிவைக் கொண்டு அழிக்க முடியாது என்று அவர் வரையறுத்தார். தீர்ப்புகளின் நெடிய வரலாற்றில் இந்த எல்லையை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இடம் வேறில்லை.

தென்னாப்பிரிக்காவின் வழி

எல்லைக்குள் நின்றபடியே வலுவான தீர்வு தர முடியும் என்பதற்குத் தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றத்தின் ஃபூரி தீர்ப்பு ஓர் எடுத்துக்காட்டு. தன்பாலினத்தவருக்குத் திருமணம் மறுக்கும் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று 2005 டிசம்பர் 1 அன்று தீர்ப்பளித்த நீதிமன்றம், குறையைச் சரிசெய்ய நாடாளுமன்றத்துக்குப் பன்னிரண்டு மாதம் கொடுத்தது. அதற்குள் எதுவும் செய்யாவிட்டால் திருமணச் சட்டத்தில் குறிப்பிட்ட சொற்கள் தாமாகச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்றும் சொன்னது. உடனே தீர்வு தர வேண்டும் என்று நீதிபதி கேட் ஓ’ரீகன் மாறுபட்டார். உரிமை உள்ளவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும் என்ற அவர் கேள்வியில் நியாயம் உண்டு. கெடு முடியும் தறுவாயில், 2006 நவம்பரில், நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது.

இங்கே இரண்டு கூறுகள் சேர்ந்திருக்கின்றன: சட்டமன்றத்துக்கான கால அவகாசம், அது தவறினால் என்ன என்பதற்கு முன்கூட்டியே எழுதிய விடை. இரண்டாவது இல்லாத முதலாவது வெறும் வேண்டுகோள். தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 172-ஆவது பிரிவு இத்தகைய இடைநிறுத்தத்துக்கு வெளிப்படையாக வழிவகுக்கிறது. பிரிவு 142-இல் அப்படி எழுதப்படவில்லை, தடுக்கப்படவும் இல்லை.

ஆளுநரின் மௌனம்

செயல்முனைப்புப் பற்றிய விவாதம் நீதிமன்றம் செய்ததைப் பற்றியே பேசுகிறது. மற்ற அமைப்புகள் செய்யாமல் விடுவதைப் போதிய அளவு எடைபோடுவதில்லை. தமிழ்நாட்டு ஆளுநர் தொடர்பான இரு வழக்குகள் அந்தக் குறையைக் காட்டுகின்றன.

ஆயுள் தண்டனைக் கைதி பேரறிவாளனை விடுவிக்குமாறு தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று பரிந்துரைத்தது. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் தரும் பிரிவு 161-இன் கீழ் ஆளுநர் அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டவர் என்பது 1980-இன் மாரு ராம் தீர்ப்பு முதலே முடிந்த விஷயம். ஆளுநரோ ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பரிந்துரையைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய், ஏ.எஸ். போபண்ணா அமர்வு 2022 மே 18 அன்று, அந்த அனுப்புதலுக்கு அரசமைப்பில் ஆதாரமில்லை என்றது. ஆளுநரிடம் திருப்பி அனுப்பாமல் பிரிவு 142-இன் கீழ் தானே விடுவித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தவர் நீதிமன்றத்தின் முன் இருந்தார். மத்திய, மாநில அரசுகள் முழுமையாக வாதிட்டன. ஆணை அவரோடு முடிந்தது. மேலே சொன்ன கேள்விகளின்படி இது எல்லைக்குள் அடங்கியதே.

மசோதா வழக்கு அவ்வளவு எளிதல்ல. பெரும்பாலும் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் தொடர்பானவையாகச் சட்டமன்றம் 2020 முதல் அனுப்பிய மசோதாக்கள் ஆளுநரிடம் தேங்கின. அரசு உச்ச நீதிமன்றம் சென்ற பிறகு, 2023 நவம்பர் 13 அன்று பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் நிறுத்திவைக்கப்பட்டது. 18-ஆம் தேதி சட்டமன்றம் சிறப்பு அமர்வு கூடி அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. 28-ஆம் தேதி ஆளுநர் பத்தையும் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, மீண்டும் நிறைவேறிய மசோதாவை இப்படி ஒதுக்குவது செல்லாது என்று கூறி, பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள ஆணையிட்டது. அதோடு நிற்கவில்லை. நாட்டின் எல்லா ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவருக்கும் ஒரு மாதம், மூன்று மாதம் என்று காலக்கெடுக்களை வகுத்தது.

இவை இரண்டும் வெவ்வேறு தன்மையுள்ளவை. பத்து மசோதாக்கள் குறித்த ஆணை, அதைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும், முன்னிருந்த தரப்பினரின் சச்சரவோடு முடிந்தது. காலக்கெடு அரசமைப்பின் 200, 201-ஆவது பிரிவுகளில் இல்லாத எண்களை எல்லோருக்குமாக எழுதியது. அங்கே 500 மீட்டரின் சாயல் உண்டு. குடியரசுத் தலைவர் 2025 மே மாதம் பிரிவு 143-இன் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டுப் பதினான்கு கேள்விகளை அனுப்பினார். தலைமை நீதிபதி கவாய் தலைமையிலான ஐவர் அமர்வு நவம்பர் 20 அன்று ஒருமனதாகக் கருத்துரைத்தது. நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது. ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வது இன்னொரு அமைப்பின் பணியைத் தானே எடுத்துக்கொள்வதாகும், பிரிவு 142 அதற்கு இடம் தராது. அதே சமயம், மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே முடக்கும் அதிகாரம் ஆளுநருக்கு இல்லை. விளக்கமற்ற நீண்ட மௌனம் தொடர்ந்தால், நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்கும்படி நீதிமன்றம் வரையறுக்கப்பட்ட ஆணை பிறப்பிக்கலாம்.

காலக்கெடு குறித்த பகுதி சரி என்றே தோன்றுகிறது. ஆனால் ஏப்ரல் தீர்ப்பின் இரு பகுதிகளையும் இந்தக் கருத்துரை ஒரே தட்டில் வைத்து எடைபோட்டுவிட்டது. மூன்று ஆண்டுகள் காத்திருந்த ஒரு சட்டமன்றம் நீதிமன்றத்துக்கு வந்தால், முடிவெடுங்கள் என்ற ஆணை மட்டுமே இனி அதற்குக் கிடைக்கும். அந்த ஆணைக்குப் பிறகு ஆளுநர் மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினால் அங்கே மீண்டும் காத்திருப்பு தொடங்கும். தவறினால் என்ன என்ற கேள்விக்கு ஃபூரி தீர்ப்பில் இருந்த விடை இதில் இல்லை. சட்டமன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். இரண்டரை ஆண்டு கிடப்பில் கிடக்கும் மசோதா அந்த மன்றத்துக்கு மக்கள் கொடுத்த காலத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது. எவ்வளவு காலம் கடந்தால் மௌனம் ‘நீண்டது’ ஆகும் என்பதைக் கருத்துரை வரையறுக்கவில்லை. ஒவ்வொரு மசோதாவுக்கும் தனித்தனி வழக்குப் போட்டு, அதன் சூழலைக் காட்டி, நீதிமன்றத்திடம் கேட்டறிய வேண்டிய பொறுப்பு இப்போது மாநிலங்களிடம் இருக்கிறது.